கிராமம் மறுத்ததை நகரம் கொடுத்தது

பணக்கார நகரத்தைப் பரிகசித்து எளிய கிராமத்தைப் போற்றும் நாவல்கள் எந்த மொழியிலும் உண்டு. அவை வாசிக்கச் சுகமானவை. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தவர் யாரென்று கேட்டால், சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்கவையே நான் சொல்வேன். லேக் ஹவுஸின் ‘தினமின’ ஆசிரியராக இருந்தவர் என்பதால், பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்த எனக்கு அவர்மீது தனிப்பற்று.

அவரது ‘கம்பெரலிய’ 1944இல் வெளிவந்தது. எம்.எம். உவைஸ் அதனைக் ‘கிராமப் பிறழ்வு’ என்று தமிழாக்கினார். தென்னிலங்கைக் கிராமமொன்றின் வளவுக் குடும்பம், மகள் நந்தாவைப் பியலுக்குக் கொடுக்க மறுக்கிறது. அவனது குடும்பத்துக்கு அந்தஸ்துப் போதாது. கொழும்பில் பொருளீட்டிய பின்பே பியல் அவளை மணக்க முடிகிறது. 1957இல் வந்த ‘கலியுகய’வில் இருவரும் கொழும்புச் செல்வர்கள். பணம் பெருகுகிறது, வீடு வெறுமையாகிறது. மகன் அலன் பெற்றோரை விட்டு இங்கிலாந்துக்குப் போய்விடுகிறான். நகரத்தின் போலித்தனத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டியவர், பியலை நகரத்துக்குத் துரத்தியது கிராமத்தின் செருக்கே என்பதை மறைக்கவில்லை.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நம்மவர் கூடினால் ஊர்ப்பேச்சுத்தான். கிணற்று நீரில் குளித்த சுகம், முற்றத்து நிலவு, மாமரம் எல்லாம் வரும். அந்த ஊர்க் கிணறுகளில் அள்ள அனுமதிக்கப்படாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கொட்டாஞ்சேனையின் தெருக்குழாய் ஒரு விடுதலை. இந்தப் பேச்சு எழுந்ததும் சபை அமைதியாகிவிடும்.

அதற்காக அந்த ஏக்கத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தபோது, பலாலி விமானத்தளத்தைச் சூழ்ந்த அவர்களது நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. பலருக்குத் தங்கள் வாசற்படியை மறுபடி மிதிக்கப் பல்லாண்டுகள் சென்றன. இல்லாத ஊர் நினைவில் அழகாகவே வளரும்.

விக்கிரமசிங்கவுக்கும் இது நேர்ந்தது. அவர் பிறந்த கொக்கலையை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை தளமாக்கிக்கொண்டது. கிராமத்தவர் வெளியேற்றப்பட்டனர். தப்பிய அவரது வீடு இன்று அருங்காட்சியகம். அந்தப் போர்க்காலத்திலேதான் ‘கம்பெரலிய’ வெளிவந்தது. ஊர் பறிபோன வேளையிலும் ஊரின் குற்றத்தை அவர் பூசி மெழுகவில்லை.

நம் ஊர்க்கதைகளை எழுதப்போகும் இளைஞர்கள் ‘கிராமப் பிறழ்வு’ எங்கேனும் கிடைத்தால் வாசித்துவிட்டு எழுதத் தொடங்கட்டும். நிலவையும் எழுதட்டும், கிணற்றடியையும் எழுதட்டும்.