எம்.பி. கணக்கும் நம்ம கணக்கும்

மிளகுக் கொடிக்கு மூடாக்கு போடுறதப் பத்தி இந்த வாரம் எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். அதுக்கு முன்னாடி நம்ம எம்.பி. கணக்கு ஒண்ணு பாக்க வேண்டியிருக்கு.

"டெல்லிக்குப் போன ஆளு நமக்கு என்ன செஞ்சாரு?" இது போடியில எந்த டீக்கடையிலயும் கேக்குற கேள்விதான். பதிலும் எப்பவும் ரெண்டுதான். ஒரு பக்கம் "ஒண்ணும் செய்யல", இன்னொரு பக்கம் "எல்லாம் அவர்தான் செஞ்சார்". ரெண்டு பேர்கிட்டயும் கணக்கு இருக்காது. எங்க அக்கா மகன் காலேஜ் படிக்கிறான். அவன்தான் செல்போன்ல காட்டுனான். "மாமா, எம்.பி. எத்தனை நாள் சபைக்கு வந்தாரு, எத்தனை கேள்வி கேட்டாரு, எத்தனை தடவை பேசினாரு, எல்லாம் இதுல இருக்கு பாருங்க"ன்னான். பி.ஆர்.எஸ்.னு ஒரு அமைப்பு தொகுத்துப் போடுது. மக்களவை இணையதளத்துலயும் இருக்கு. அதை வச்சுக்கிட்டு ரெண்டு மூணு ராத்திரி உக்காந்து படிச்சேன்.

ஏலக்காய் விக்கிறவங்களுக்குத் தெரியும், மூட்டையை எண்ணிட்டா மட்டும் விலை சொல்ல முடியாது. சல்லடையில போட்டு எட்டு மில்லிக்கு மேல எவ்வளவு நிக்குதுன்னு பாக்கணும், நிறம் பாக்கணும், லிட்டர் எடை பாக்கணும். எம்.பி. கணக்கும் அப்படித்தான். வருகைங்கிறது மூட்டை எண்ணிக்கை. பதிவேட்டுல கையெழுத்துப் போட்டா அன்னைக்கு வருகை. அப்புறம் சாயங்காலம் வரை உக்காந்தாரா, பாதியில கிளம்பிட்டாரான்னு அந்த எண்ணு சொல்லாது. மந்திரிங்க பதிவேட்டுல கையெழுத்தே போட வேண்டியதில்லை. அதனால வருகையை மட்டும் வச்சு ஒருத்தரை நல்லவர்னும் சொல்ல முடியாது, சோம்பேறின்னும் சொல்ல முடியாது.

சரி, சட்டம் வரும்போது நம்ம ஆளு எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாரு? எனக்கு வேண்டியது அதுதான். தேடுனா பெரும்பாலும் கிடைக்கவே மாட்டேங்குது.

2020 செப்டம்பர்ல வந்த மூணு வேளாண் சட்டத்தை எடுத்துக்குவோம். அத்தியாவசியப் பொருள் திருத்தம் 15ஆம் தேதி, மத்த ரெண்டும் 17ஆம் தேதி மக்களவையில நிறைவேறுச்சு. எல்லாம் குரல் வாக்கெடுப்பு. ஆதரிக்கிறவங்க "ஆம்"னு சொல்லணும், எதிர்க்கிறவங்க "இல்லை"ன்னு சொல்லணும். எந்தச் சத்தம் பெரிசுன்னு சபாநாயகர் முடிவு செய்வார். யார் பேரும் பதிவாகாது. 20ஆம் தேதி மாநிலங்களவையில, ஓட்டை எண்ணுங்கன்னு எதிர்க்கட்சிக்காரங்க கேட்டும் குரல் வாக்கெடுப்புதான் நடந்துச்சு. அந்தக் கூட்டத்தொடர்ல கொரோனாவைக் காரணம் சொல்லி கேள்வி நேரத்தையும் எடுத்திருந்தாங்க. அப்புறம் டெல்லி எல்லையில ஒரு வருஷம் விவசாயிங்க உக்காந்தாங்க. 2021 நவம்பர் 29ல மூணு சட்டத்தையும் விவாதமே இல்லாம ஒரே நாள்ல ரத்து செஞ்சாங்க. அந்தச் சட்டம் நல்லதா கெட்டதான்னு எங்க ஊர்லயே ரெண்டு கட்சி. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் இப்ப வரல. நான் விக்கிற சரக்கைப் பத்தின சட்டத்துக்கு என் எம்.பி. போட்ட ஓட்டு எந்த ஏட்டுலயும் இல்லையே, அதுதான் என் குறை.

அப்ப நம்ம தேனி எம்.பி. ரவீந்திரநாத். 2019ல தமிழ்நாட்டுல அ.தி.மு.க. ஜெயிச்ச ஒரே தொகுதி நம்மளுது. வேளாண் மசோதாக்களை ஆதரிச்சு அவர் மக்களவையில பேசினார். அதே கட்சியோட எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியம் மாநிலங்களவையில குறை சொல்லிப் பேசினார். பேச்சு பதிவுல இருக்கறதால இதாவது தெரியுது. ஓட்டு தெரியாது.

பேரு தெரியுற ஓட்டெடுப்பும் உண்டு. சபாநாயகர் சொன்ன முடிவை ஒரு உறுப்பினர் மறுத்து "எண்ணுங்க"ன்னு கேட்டா, மணி அடிச்சு, கதவை அடைச்சு, பொத்தான் அமுக்கச் சொல்லுவாங்க. அப்ப யார் எந்தப் பக்கம்னு பதிவாயிடும். 2019 ஜூலை 25ல முத்தலாக் மசோதா அப்படித்தான் மக்களவையில 303க்கு 82ன்னு நிறைவேறுச்சு. நம்ம எம்.பி. அதை ஆதரிச்சுப் பேசினார். அஞ்சு நாள் கழிச்சு மாநிலங்களவையில அவர் கட்சி அதே மசோதாவை எதிர்த்துப் பேசிட்டு, ஓட்டெடுப்பு சமயத்துல வெளியே போச்சு. ஒரே கட்சி, ரெண்டு சபையில ரெண்டு நிலை. மக்களவையில அவர் ஒத்தை ஆளு, பக்கத்துல உக்காந்து கையைப் பிடிக்க ஆள் இல்லை.

மத்தவங்களுக்கு அந்த வசதி கிடையாது. 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா பதவியே போகலாம். 2024ல ஜெயிச்ச தங்க தமிழ்ச்செல்வன் தி.மு.க.காரர். அவர் கட்சிக்கு மக்களவையில இருபதுக்கு மேல ஆளு இருக்காங்க. கட்சி சொல்ற பக்கம்தான் அத்தனை ஓட்டும் விழும். எந்தக் கட்சிக்கும் இதே கதைதான். அதனால ஓட்டுக் கணக்கே கிடைச்சாலும் அது பாதிக்கு மேல கட்சியோட கணக்கு.

அடுத்து பணம். எம்.பி. சம்பளம் இப்ப மாசம் 1,24,000 ரூபாய். தொகுதிப் படி 87,000, அலுவலகச் செலவு 75,000. சபை நடக்குற நாள்ல கையெழுத்துப் போட்டா நாளுக்கு 2,500. விமானம், ரயில், வீடு, கரண்டு எல்லாம் தனி. இதைக் கேட்டா நம்ம ஆளுங்களுக்கு வயிறு எரியுது. ஆனா அலுவலகச் செலவுல 50,000 உதவியாளர் சம்பளத்துக்கு. அப்ப, நம்ம மனுவைப் படிக்க, கேள்வியை எழுதித் தயார் பண்ண அந்த ஆபீஸ்ல ஆள் இருக்கணும். அந்த ஆளுகிட்ட நாம வேலை வாங்குறோமான்னு யோசிங்க.

தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 5 கோடி. "அஞ்சு கோடியையும் அமுக்கிட்டாரு"ன்னு சர்வசாதாரணமா சொல்லிடுறோம். அந்தப் பணம் எம்.பி. கைக்கு வராது. அவர் வேலையைப் பரிந்துரை பண்ணுவார். ஒப்புதல் கொடுத்து நடத்துறது மாவட்ட நிர்வாகம். கொரோனா சமயத்துல 2020 ஏப்ரல்ல இந்த நிதியையே நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷக் கடைசியிலதான் 2 கோடியோட திரும்ப ஆரம்பிச்சாங்க. அதனால அந்த அஞ்சு வருஷத்தை மத்த அஞ்சு வருஷத்தோட ஒப்பிட்டுப் பேசுறது நியாயம் இல்லை. நம்ம தொகுதியில சோழவந்தான், உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, பெரியகுளம், போடி, கம்பம்னு ஆறு சட்டமன்றத் தொகுதி. ஓட்டர் மட்டும் 16 லட்சத்துக்கு மேல. 5 கோடியைப் பங்கு போட்டா தலைக்கு வருஷம் 31 ரூபாய். ஒரு டீயும் ரெண்டு வடையும் வரும். அதை வச்சு எம்.பி.யை அளக்கிறதும் சரியில்லை.

அப்புறம் எதை வச்சுத்தான் அளக்கிறது? என்னைக் கேட்டா கேள்வியை வச்சு. கேள்விக்குக் கொறடா கிடையாது. ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியாங்கிற பேச்சும் இல்லை. மக்களவையில ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, எழுத்துல பதில் வர்ற கேள்வி 230. எழுத்துல வர்ற பதில் மந்திரி பேர்ல பதிவாகும். எத்தனை வருஷம் கழிச்சும் எடுத்துப் பாக்கலாம். மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31ஓட நின்னு, போடிக்கு அகல ரயில் 2023 ஜூன் 15ல வந்துச்சு. ஆரூண், பார்த்திபன், ரவீந்திரநாத்னு மூணு எம்.பி. காலம். ரயிலை யார் கொண்டு வந்தாங்கன்னு இன்னும் சண்டை போடுறவங்க, அந்தப் பன்னெண்டு வருஷத்துல யார் என்ன கேள்வி கேட்டாங்க, மந்திரி என்ன பதில் சொன்னாருன்னு எடுத்து வச்சுக்கிட்டுப் பேசலாம்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். என்னைய மாதிரி போடியில குடியிருந்து, மேட்டுக்கு அங்கிட்டு ஏலக்காடு வச்சிருக்கறவங்க நிறையப் பேரு. விடியக்காலை ஜீப்புல முந்தல் வழியா ஏறுறோம், பொழுது சாய இறங்குறோம். ஓட்டு தேனியில, காடு கேரளாவுல இடுக்கி தொகுதியில. இங்க கேட்டா "அது கேரளா விஷயம்பா"ங்கறாங்க. அங்க போனா நமக்கு ஓட்டு இல்லை. 2024 கோடையில வெயில்ல செடி காஞ்சப்ப நாங்க இப்படித்தான் ரெண்டுக்கும் நடுவுல நின்னோம். ஆனா ஒண்ணைக் கவனிங்க. ஏலக்காய், வேளாண் அமைச்சகத்துக்குக் கீழ இல்லை. நறுமணப் பொருள் வாரியம் மத்திய வணிக அமைச்சகத்துக்குக் கீழ இருக்கு. வாரியத்துல மக்களவையில இருந்து ரெண்டு பேரு, மாநிலங்களவையில இருந்து ஒருத்தர்னு மூணு எம்.பி.ங்களுக்கு இடம் இருக்கு. மின்னணு ஏலம் நடக்குறதும் போடியிலயும் புத்தடியிலயும். அதனால ஏலக்காயைப் பத்தி தேனி எம்.பி. தாராளமா கேக்கலாம். மாநில எல்லை அதுக்குத் தடை இல்லை.

என்ன கேக்கணும்? ஏலத்துல வியாபாரி எடுத்த காய் திரும்ப ஏலத்துக்கே வருதுங்கிறது நம்ம ரொம்ப நாள் புகார். வரத்து கூடுதலாத் தெரியும், விலை இறங்கும். எவ்வளவு வருதுன்னு கணக்குக் கேட்டா ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க. ரெண்டாவது, வெளிநாட்டுக் காய், முக்கியமா குவாத்தமாலா காய், வருஷத்துக்கு எவ்வளவு இறக்குமதியாகுது? மூணாவது, ஏலத்துல போட்ட சரக்குக்குப் பணம் தாமதமானா வாரியம் என்ன நடவடிக்கை எடுக்குது? எனக்கே ஒரு தடவை ரெண்டு மாசம் இழுத்துச்சு. அந்த நேரம் காய் எடுக்குற ஆளுங்களுக்குக் கூலி கொடுக்க வீட்டுல இருந்த ஒரு சங்கிலி அடகுக்குப் போச்சு. இந்த மூணுக்கும் எழுத்துல பதில் வந்தா, வாரியத்துக்கிட்டயோ கோர்ட்லயோ பேசும்போது நம்ம கையில ஒரு காகிதம் இருக்கும்.

இந்த மூணு கேள்வியையும் ஒரே பக்கத்துல எழுதி, எங்க ஊர் ஏலக்காட்டுக்காரங்க 14 பேர் கையெழுத்துப் போட்டு எம்.பி. ஆபீஸ்ல கொடுக்கறதா முடிவு பண்ணியிருக்கோம். ஒரே நகலை இடுக்கி எம்.பி. டீன் குரியகோசுக்கும் அனுப்புறோம். கேள்விக்குக் குறைஞ்சது 15 நாள் முன்னறிவிப்பு வேணும். அதனால கூட்டத்தொடர் தொடங்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கொடுத்துடணும். உங்க பக்கத்துலயும் இதே குறை இருந்தா, மாவோ காபியோ இலவம்பஞ்சோ எதுவா இருந்தாலும், நீங்களும் தனியா எழுதிக் கொடுங்க. சாலை, பாலம்னு கேக்குறதோட நிறுத்திக்காதீங்க, கணக்கையும் கேளுங்க.

கொடுத்தா கேப்பாரான்னு எனக்கு முன்னாடியே சொல்லத் தெரியாது. கேட்டாரா இல்லையான்னு மட்டும் மக்களவைப் பதிவைப் பாத்து அப்படியே இங்க எழுதுறேன். அடுத்த தேர்தல்ல டீக்கடையில பேசும்போது இது ஒண்ணாவது கையில இருக்கும்.

மிளகு மூடாக்கு அடுத்த வாரம் கண்டிப்பா வரும்.