சவுக்கு மரத்தில் ஒரு பசை
பன்னிரண்டாம் வகுப்பு விஞ்ஞானப் பிரிவு மாணவியர்

செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சவுக்குத் தோப்பைப் பற்றி நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் வரும் எங்கள் தோழியர் சிலரது வீட்டில் சவுக்குதான் சேமிப்பு வங்கி. மூன்று நான்கு ஆண்டுகள் மணலில் நின்று வளரும். வெட்டுகிற ஆண்டில் வீட்டுக்கு ஓடு மாறும், அக்காவுக்குக் கல்யாணம் நடக்கும், பள்ளிக் கட்டணமும் தாமதமின்றி வந்து சேரும். முன்னாளில் சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கு விறகாகப் போன மரம் இது. இன்று கட்டடச் சாரத்துக்கும் பந்தலுக்கும் கழியாகப் போகிறது. லாரியேறிக் காகித ஆலைக்கும் போகிறது. ஆலைக்குப் போன மரம் அங்கே என்ன ஆகிறது? இதை அறிய முயன்றதுதான் இவ்வாண்டு எங்கள் விஞ்ஞான மன்றத்தின் வேலை.

மரத்தில் நாரும் உண்டு, நாரைப் பிணைக்கும் பசையும் உண்டு. நாரின் பெயர் செல்லுலோஸ், பசையின் பெயர் லிக்னின். கம்பியைச் சிமெண்டு கவ்விப் பிடிப்பதுபோல நாரை லிக்னின் பிடித்துக்கொள்கிறது. இத்தகைய மரங்களின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இதுவே. தண்டின் குறுக்குவெட்டில் சாஃப்ரனின் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோமே தோழியரே, அப்போது சைலத்தின் சுவர்கள் சிவந்து தெரிவது இது இருப்பதால்தான். 1813ஆம் ஆண்டில் டி கண்டோல் என்ற சுவிஸ் தாவரவியலார் இட்ட பெயர் அது. லத்தீனில் லிக்னம் என்றால் மரக்கட்டை. பெரிய வெள்ளிக்கிழமை லத்தீன் வழிபாட்டில் சிலுவை மரத்துக்கு வரும் சொல் அதுதானே என்று எங்கள் முதிய சகோதரி ஒருவர் உடனே கேட்டார். வேதியியல் புத்தகத்தில் அது இல்லை!

காகிதத்துக்கு வேண்டியது நார் மட்டுமே. பசையைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். அதைக் கண்ணால் காண விரும்பினோம். பஸ் நிலையத்துக் கரும்புச் சாற்றுக் கடையில் சக்கை இலவசமாகக் கிடைத்தது. உலர்த்திப் பொடியாக்கி, சிஸ்டர் பக்கத்தில் நிற்க, காஸ்டிக் சோடாக் கரைசலில் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தோம். தெளிந்த நீர் முதலில் தேநீர் நிறமாயிற்று. பிறகு டிகாக்ஷன் நிறம். துணியில் வடிகட்டி ஆறவைத்து, நீர்த்த கந்தக அமிலத்தைத் துளித்துளியாக விட்டதும் பால் திரிவதுபோல அது திரிந்து, பழுப்பு நிறத் துகள்கள் அடியில் படிந்தன. உலர்ந்தபின் ஒரு தேக்கரண்டி அளவு இருந்தது. பார்வைக்குச் சீயக்காய்த் தூள்!

சவுக்கு மரத்தூளோ அவ்வளவு எளிதில் வழிக்கு வரவில்லை. கரைசல் வெளிறியே இருந்தது. கட்டை மரத்துக்கு ஆலையில் 160, 170 டிகிரி வெப்பமும் அதற்கேற்ற அழுத்தமும் வேண்டும். விடுதிச் சமையலறையின் பெரிய குக்கரைக் கேட்கலாம் என்று ஒருத்தி யோசனை சொன்னாள். விடுதிச் சகோதரியின் முகத்தைப் பார்த்ததும் அந்த யோசனை அங்கேயே நின்றுவிட்டது.

ஆலையில் காஸ்டிக் சோடாவுடன் சோடியம் சல்பைடும் சேர்க்கிறார்கள். கார்ல் டால் என்பவர் கண்ட வழி. 1884இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நார் பிரிந்தபின் மிஞ்சும் கரிய நீருக்கு பிளாக் லிக்கர் என்று பெயர். (வகுப்பில் இதை உரக்கப் படித்தபோது எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.) இதை ஆற்றில் விட்டால் ஆறு கறுத்து மீன் சாகும். ஆகவே கெட்டியாகக் காய்ச்சிக் கொதிகலனில் எரிக்கிறார்கள். லிக்னின் எரிந்து நீராவியும் மின்சாரமும் தருகிறது. சோடா உப்புகள் அடியில் உருகி மீண்டும் வேலைக்கு வருகின்றன. கரூர் அருகே காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் கரும்புச் சக்கையை நம்பித் தொடங்கப்பட்டது. அங்கே சவுக்கும் செல்கிறது. சக்கையை எரித்துவந்த சர்க்கரை ஆலைகளுக்கு மாற்றாக வேறு எரிபொருள் கொடுத்து, அந்தச் சக்கையை வாங்கிக்கொண்ட ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்தது.

எரிப்பதைத் தவிர லிக்னினுக்கு வேறு வாழ்வே இல்லையா? உண்டு. கந்தகம் சேர்ந்த லிக்னோசல்போனேட்டைக் கான்கிரீட்டில் சிறிது கலந்தால் குறைந்த தண்ணீரிலேயே கலவை இளகி ஓடும். கார் பேட்டரியின் எதிர்முனைத் தகட்டில் ஈயம் இறுகிப்போகாமல் காப்பதும் இதுவே. நார்வே நாட்டில் ஸ்புரூஸ் மரத்து லிக்னினிலிருந்து வனிலின், அதாவது ஐஸ்கிரீமின் வாசனை, தயாரிக்கிறார்கள். ஒட்டுப்பலகைப் பசையில் பீனாலுக்குப் பதிலாகவும் சேர்க்கிறார்கள். ஆயினும் உலகில் பிரியும் லிக்னினில் மிகப் பெரும்பகுதி இன்னும் கொதிகலனுக்கே போகிறது. எங்களுக்கு இது வருத்தந்தான்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே தோப்பு வைத்திருக்கும் தோழியின் வீட்டுக்கு ஒரு ஞாயிறன்று போயிருந்தோம். அவள் தன் தந்தையிடம், “அப்பா, நீங்க எடை போட்டுக் குடுக்கிற மரத்துல கால்வாசி அடுப்புக்குத்தான் போகுதாம்” என்றாள். அவர் சிரித்தார். லிக்னின் குறைந்த மரங்களை உருவாக்க வெளிநாடுகளில் பாப்லர் மரத்தில் முயல்கிறார்கள், அப்படிப்பட்டால் ஆலைக்குச் செலவு குறையும் என்று நாங்கள் விளக்கினோம். சிலவற்றில் நீர்க்குழாய்கள் நசுங்கி மரம் குறுகிப்போனதையும் மறைக்கவில்லை.

“பசை கொறஞ்சா மரம் எப்படிம்மா நிக்கும்?” என்றார் அவர்.

2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் வந்தபோது அவருடைய தோப்பில் பாதி சாய்ந்தது. எங்களுக்கு அப்போது எட்டு வயது. சாய்ந்த மரம் விறகு விலைக்கே போனது. தோழியின் அக்கா அந்த ஆண்டு படிப்பை நிறுத்தினாள். அன்று நின்ற பாதிதான் கடற்காற்றைத் தாங்கி வீட்டுக் கூரையைக் காத்தது என்று அவர் கையால் காட்டினார். கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனம் காற்றைத் தாங்கும் சவுக்கு ரகங்களையும் வெளியிட்டிருப்பதைச் சொன்னோம். கன்று எங்கே கிடைக்கும் என்று உடனே கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இந்தப் பொங்கல் கழிந்ததும் அவருடைய தோப்பில் வெட்டு. வியாபாரி வந்து டன் கணக்கில் பேசி முன்பணமும் தந்துவிட்டார். கடலைப் பார்த்த முதல் இரண்டு வரிசையை மட்டும் அவர் விலை பேசவில்லை.