நூறாவது கிண்ணம்

ஜப்பானில் யோகோகாவா ரயில் நிலையத்துச் சோற்றுப்பானை பிரபலம். கையடக்க மண்பானைக்குள் சோறு, அதன்மேல் கோழித்துண்டு, காளான், மூங்கில் குருத்து, ஒரு காடை முட்டை. ஓகினோயா என்ற கடை 1958இல் தொடங்கிய வியாபாரம் இது, இன்றும் ஓடுகிறது. சாப்பிட்டவர்கள் பானையைத் தூக்கி எறிய மனமில்லாமல் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். சிலர் அதில் உப்புப் போட்டு வைக்கிறார்கள், சிலர் செடி வளர்க்கிறார்கள். அந்தப் பானை மாஷிகோ ஊரில் செய்யப்படுவது. டோக்கியோவுக்கு வடக்கே டோச்சிகி மாவட்டத்தில், நெல்வயல்களுக்கும் சிறு குன்றுகளுக்கும் நடுவே இருக்கிறது அந்த ஊர்.

மாஷிகோ போகப் போகிறேன் என்றதும் புதுச்சேரியில் மண் வேலை செய்யும் தோழி சொன்னார்: “எல்லாரும் ஹமாதா வீட்டப் பாக்கத்தான் போறாங்க சார். நீங்க டூரிஸ்ட்டோட டூரிஸ்ட்டா வகுப்புலயும் உட்காருங்க. அங்க யாரு வேல செய்றாங்கன்னு பாருங்க.”

அவர் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. புதுச்சேரிக்கும் மாஷிகோவுக்கும் ஒரு கொடிவழி இருக்கிறது. 1971இல் குயவர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா அதற்கு முன்பே ஜப்பானில் பிஸென் ஊரில் தொழில் பயின்றவர். மாஷிகோவின் புகழ்பெற்ற குயவர் ஹமாதாவைப் பற்றி சூசன் பீட்டர்சன் எழுதிய நூலுக்காக மாஷிகோவில் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்த் தமிழர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டு தனிப் பட்டறை போட்டார்கள். ‘பாண்டிச்சேரி பாட்டரி’ என்று இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதிக்கு வேர் அந்தப் பட்டறைதான்.

மாஷிகோவில் மண் வேலை தொடங்கியது 1853இல். பக்கத்து ஊரான கசாமாவில் தொழில் கற்ற ஓட்சுகா கெய்சபுரோ இங்கே வந்து சூளை போட்டார். தண்ணீர்ச் சாடி, அரைக்கும் கிண்ணம், தேநீர்க் கெண்டி என்று டோக்கியோ சமையலறைகளுக்கான சாமான்கள் இங்கிருந்து போயின. மண் சொரசொரப்பு, இரும்புச் சத்து அதிகம், மெல்லிய பீங்கானுக்கு ஆகாது. அதனால் பாத்திரங்கள் தடித்தே இருக்கும். ஹமாதா ஷோஜி இங்கிலாந்தில் குயவர் பெர்னார்ட் லீச்சோடு சூளை கட்டி வேலை செய்துவிட்டு 1924இல் இந்த ஊருக்கு வந்தார். அன்றாடப் பாத்திரத்தின் அழகைப் பேசிய மிங்கெய் இயக்கத்தின் தூண்களில் ஒருவர் அவர். 1955இல் அரசு அவரை ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவித்தது. சமையல் பானை ஊர் கலை ஊரானது அவரால்தான்.

இன்று டோக்கியோவின் அகிஹபராவிலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது. ஊருக்குள் நுழைந்தால் தெருவின் இருபுறமும் பாத்திரக் கடைகள். கடைக்குக் கடை ‘மண் வேலை அனுபவம்’ என்று பலகை. அரை மணி நேரம் கோப்பையில் படம் வரைவது முதல், விடுதியில் தங்கிப் பல நாள் சக்கரம் பழகுவது வரை எல்லா விதத்திலும் கிடைக்கிறது. வெளிநாட்டவர்களுக்கான விடுமுறைத் திட்டங்களில் மாஷிகோ ஒரு நிறுத்தம். ஷிகராகி, பிஸென், அரிதா மற்ற நிறுத்தங்கள். இந்த வியாபாரத்தைப் பார்த்துக் கலை ஆர்வலர்கள் முகம் சுளிப்பார்கள். நானும் அந்தச் சுளிப்போடுதான் போனேன்.

எங்கள் வகுப்பில் ஒரு ஆஸ்திரேலியத் தம்பதி, டோக்கியோ கல்லூரிப் பெண்கள் சிலர், நான். கற்பித்தவர் ஐம்பதைக் கடந்த பெண்மணி. எல்லோரையும் போல நானும் ‘சென்செய்’ (ஆசிரியர்) என்றே அழைத்தேன். நாங்கள் வருவதற்கு முன்பே ஒவ்வொரு சக்கரத்திலும் குழாயிலிருந்து இறக்கிய புட்டு மாதிரி மண் நிமிர்ந்து நின்றது. அதைப் பிசைந்து, காற்றை வெளியேற்றி, சக்கரத்தின் மையத்தில் துளியும் ஆடாமல் நிறுத்தியிருந்தவர் அவர்தான். மண் பிசைய மூன்றாண்டு, சக்கரத்துக்குப் பத்தாண்டு என்று குயவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. எங்களுக்கு அந்தப் பதின்மூன்று ஆண்டுகளும் தள்ளுபடி.

ஜப்பானில் சக்கரம் வலஞ்சுழியாகச் சுற்றும். மேற்கே பழகியவர்களுக்காக அதை மாற்றிவிட மோட்டார்ச் சக்கரத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆஸ்திரேலியருக்கு அதை மாற்றிக்கொடுத்துவிட்டு சென்செய் என் பக்கம் வந்தார். கட்டைவிரலை மண்ணின் உச்சியில் அழுத்தச் சொன்னார். குழி விழுந்தது. சுவரை இழுத்தால் மண் வளர்ந்தது. கை நடுங்கி விளிம்பு கோணும்போதெல்லாம் என் விரல்களின் மேல் அவருடைய ஒரு விரல் வந்து லேசாகத் தொடும், கிண்ணம் நேராகிவிடும். வகுப்பில் எல்லோருக்கும் கிண்ணம் வந்தது. நூலால் அறுத்து எடுத்து, பலகையில் வைத்து, படம் எடுத்துக்கொண்டோம். அதோடு எங்கள் வேலை முடிந்தது.

அவருடைய வேலை அங்கேதான் தொடங்குகிறது. பாதி காய்ந்த கிண்ணத்தைக் கவிழ்த்துச் சக்கரத்தில் வைத்து அடிப்பாகத்தைச் செதுக்கிக் கால் எடுக்க வேண்டும். முழுதாகக் காய வேண்டும். ஒருமுறை இளஞ்சூட்டில் சுட்டு, நாங்கள் தேர்ந்தெடுத்த நிறத்தில் கிளேஸ் பூச்சில் தோய்த்து, மறுபடி 1,250 டிகிரி அளவில் சுட வேண்டும். ஈர மண்ணில் இருந்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிப் போகும். பிறகு பொதிந்து, முகவரி எழுதி, சிட்னிக்கும் சென்னைக்கும் அனுப்ப வேண்டும். கைக்கு வந்து சேர ஒன்றிரண்டு மாதம் ஆகும். ‘நான் செய்த கிண்ணம்’ என்று நாங்கள் வீட்டில் காட்டப்போவதில் எங்கள் பங்கு அரை மணி நேரம்.

மற்றவர்கள் கிளம்பிய பிறகு அவருடைய சொந்த வேலையைப் பார்க்க அனுமதி கேட்டேன். ஒரு ஹோட்டலுக்குச் சோற்றுக் கிண்ணம் செய்துகொண்டிருந்தார். பெரிய மண் திரளைச் சக்கரத்தில் ஏற்றி, உச்சியிலிருந்து மட்டும் ஒரு பிடி மண்ணில் கிண்ணம் வனைந்து அறுத்தெடுப்பது, உடனே அடுத்தது. நம்மூர் வேளார்களும் திரளிலிருந்து இப்படித்தான் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். வித்தியாசம் ஒன்று: ஒவ்வொரு கிண்ணம் முடிந்ததும் மூங்கில் கருவி ஒன்றை எடுத்து உள்ளே இறக்கினார். தும்பிபோல் உடலும் சிறகும் கொண்ட சிறு குச்சி அது. பெயரும் தோம்போ, தும்பிதான். உடல் அடியைத் தொட்டால் ஆழம் சரி. சிறகின் இரு நுனியும் விளிம்பைத் தொட்டால் அகலம் சரி. இரண்டு அளவையும் ஒரே இறக்கத்தில் சொல்லிவிடும். சுருங்கப்போகும் அளவையும் சேர்த்துத்தான் குச்சியை வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தோம்போ. சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டியிருந்தார்.

“வகுப்பில் இதை ஏன் தரவில்லை?” என்று கேட்டேன்.

“ஒரே ஒரு கிண்ணம் செய்கிறவருக்கு இது எதற்கு? அவருக்கு எந்த அளவில் வந்தாலும் சரிதானே. நூறு செய்கிறவருக்குத்தான் இது வேண்டும்” என்றார்.

மாஷிகோவில் நான் கேட்ட பேச்சுகளிலேயே கனமானது இதுதான். குயவுத் தொழிலின் திறமை நூறாவது கிண்ணமும் முதல் கிண்ணத்தின் மேல் அடங்கி உட்கார்வதில் இருக்கிறது. பயணி காசு கொடுப்பதோ அந்த ஒற்றைக் கிண்ணத்துக்கு. அப்படியானால் நூறுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

அவர் கதையைக் கேட்டால் விடை கிடைக்கும். டோக்கியோவில் அலுவலக வேலையில் இருந்தவர், இருபதுகளில் அதை உதறிவிட்டு இங்கே வந்தார். குயவர் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கும் இடம் கொடுத்த ஊர் மாஷிகோ. மண்ணும் கிளேஸும் காசுக்குக் கிடைக்கும், பயிற்சி நிலையம் உண்டு, சூளையை வாடகைக்கு எடுக்கலாம். சில ஆண்டுகள் ஒரு பெரிய பட்டறையில் எண்ணிக்கைக் கூலிக்கு வனைந்தார். பிறகு சொந்தமாக ஒரு கேஸ் சூளை வைத்தார். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஊரில் பல சூளைகள் சரிந்தன. இவருடைய புகைபோக்கி விழுந்தது, அலமாரியில் இருந்த சரக்கு முழுதும் போனது. ஹமாதா பயன்படுத்திய ஏறுசூளை ஒன்றில் 2015இல் குயவர்கள் பலர் சேர்ந்து மறுபடி நெருப்பு மூட்டியது செய்தியானது. இவருடைய புகைபோக்கியை மறுபடி எழுப்பியது வகுப்புக் காசு.

கணக்கை அவரே சொன்னார். கடையில் கிண்ணம் விற்றால் விலையில் நாற்பது விழுக்காடு வரை கடைக்குப் போகும். மண், கிளேஸ், கேஸ், உடைந்தவை எல்லாம் மீதியிலிருந்துதான். ஊரில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் 1966 முதல் நடக்கும் பாண்டச் சந்தையில் நேரடியாக விற்றால் கொஞ்சம் நிற்கும். வகுப்பில் ஒரு பயணி சில ஆயிரம் யென் தருகிறார். அவருக்கு இவர் செலவிடும் நேரத்துக்கு அது நியாயமான கூலி. “என் நேரத்துக்கு யாராவது விலை கொடுப்பது இதில் மட்டும்தான்” என்றார். கையால் பானை செய்பவரை வாழவைப்பது கையால் பானை செய்யத் தெரியாதவர். முகச்சுளிப்போடு போன எனக்கு அதைக் கேட்டபின் சுளிக்க முகமில்லை.

எண்ணிக்கைக் கூலியின் கதையை இந்த ஊரில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுதாகச் சொல்லும். மினகாவா மாசு, 1874இல் பிறந்தவர். பத்து வயதில் தூரிகை பிடித்தார். மாஷிகோ தேநீர்க் கெண்டியின் வயிற்றில் மலை, குடிசை, மரம், படகு கொண்ட ஒரு நிலக்காட்சி இருக்கும். அதை வரைவதுதான் வேலை. ஒரு நாளில் 500 முதல் 1,000 கெண்டி வரை வரைந்தார் என்று பதிவு இருக்கிறது. கூலி எண்ணிக்கைக்கு. வேகம் இருந்தால்தான் சோறு என்பதால் கோடுகள் சுருங்கிச் சுருங்கி, தேவையில்லாத எதுவும் இல்லாமல் ஆயின. மிங்கெய்க்காரர்கள் அந்தக் கோடுகளைக் கண்டு வியந்தார்கள். 1947இல் மாஷிகோவுக்கு வந்த பேரரசர் அவரை நினைத்துக் கவிதை எழுதினார். 1960இல் மாசு இறந்தார். வறுமை துரத்திய வேகம் கலை நூல்களில் ‘இயல்பான அழகு’ ஆனது. அழகு உண்மைதான், ஆனால் அதற்கான கூலியைப் பாராட்டியவர்கள் எத்தனை பேர் ஏற்றிக் கேட்டார்கள்?

ஹமாதா மாஷிகோவுக்கு வந்தபின் தன் பானைகளில் கையெழுத்திடுவதை நிறுத்தினார். பெயரற்ற கைவினைஞரே மேலானவர் என்ற கொள்கை. ஆனால் பானையோடு வரும் மரப்பெட்டியில் அவர் கையெழுத்து இருக்கும். வியாபாரிகளுக்கு அது போதும். பெட்டி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. பானையின் அடக்கத்தைப் பெட்டி காசாக்கியது. ஹமாதா மீது எனக்குக் கோபமில்லை. 1977இல் அவர் திறந்துவைத்த அருங்காட்சியகத்தில் அவர் உட்கார்ந்த சக்கர மேடையைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வரும். தட்டின் விளிம்புக் குழியில் கோலைச் செருகிச் சுற்றிவிடும் கைச்சக்கரம் அது. நம்மூரில் வேளார் கோலால் சுற்றும் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். கோபமெல்லாம் பெட்டியை விற்பவர்கள் மீதுதான்.

அந்தப் பெட்டிக்கு இன்று வேறு வடிவம் வந்துவிட்டது. ‘ஜப்பானிய மட்பாண்டத்தின் ஆன்மாவைத் தேடி’ என்று வழவழப்பான படங்களோடு வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் விடுமுறைத் திட்டங்கள்தான் அந்த வடிவம். ஆஸ்திரேலியத் தம்பதி அப்படித்தான் வந்திருந்தார்கள். அவர்கள் சொன்ன தொகையில் விடுதி, சாப்பாடு, வண்டி, வழிகாட்டி எல்லாம் அடக்கம். சென்செய்க்கு வந்தது நேரில் வந்து நின்ற எனக்கு என்ன கட்டணமோ அதே கட்டணம். நாளின் நடுவே அந்த வகுப்பு இல்லாவிட்டால் திட்டத்தை வாங்கவே ஆள் இருக்காது. கார்த்திகைக்கு ஆயிரம் அகல் இவ்வளவு என்று சூளையடியில் மொத்தமாக வாங்கிப்போய், கோயில் வாசலில் ஒவ்வொன்றாக விற்கும் தரகருக்கும் இந்த நிறுவனத்துக்கும் தொழிலில் பேதமில்லை. களிமண்ணில் கை வைக்காதவர்தான் எப்போதும் எல்லோரையும்விட அதிகம் எடுத்துப் போகிறார்.

ஆனால் வகுப்புக்குள் ஒரு விடுதலையும் ஒளிந்திருக்கிறது. பானையைத் தரகர் தூக்கிப்போய் வேறு ஊரில் விற்க முடியும். வகுப்பைத் தூக்கிப்போக முடியாது, வாங்குகிறவர்தான் குயவரின் வாசலுக்கு வர வேண்டும். வந்துவிட்டால் விலையை நேரில் பேசலாம். மாஷிகோவில் சில பட்டறைகள் பயணிகளை இடையில் யாருமில்லாமல் தாங்களே பதிவு செய்கின்றன, தங்க இடமும் ஏற்பாடு செய்கின்றன. நம்மூர்க் குயவர்கள் இந்தத் தொழிலிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டென்றால் இதுதான்: பானைக்கு எண்ணிக்கை விலை, கற்பிப்பதற்கு நேர விலை, இரண்டும் தன் வாசலில்.

போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். பதிவு செய்யும்போதே சில கேள்விகள் கேளுங்கள்: என் கிண்ணத்துக்குக் கால் செதுக்குவது யார், கிளேஸ் தோய்ப்பது யார், சுடுவது யார், நான் கட்டும் தொகையில் அவருக்குப் போவது எவ்வளவு? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் காசு கட்டாதீர்கள், ஊருக்குள் நடந்தால் அடுத்த கதவு திறந்திருக்கும். வகுப்பு முடிந்ததும் அவர் நூறு கிண்ணம் வனைவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், அவற்றில் ஒன்றை அவர் சொன்ன விலைக்கு, பேரம் பேசாமல் வாங்குங்கள்.