கடைசிக் கை

வைத்தியர் எழுதிய மருந்து நோயாளியின் உடம்பில் சேருவதற்குள் பல கைகள் மாறுகிறது. எழுதும்போது நேர்ந்த பிழையை மருந்தகத்தார் கண்டுகொள்ளலாம். மருந்தகத்தில் நேர்ந்ததை வார்டில் இருக்கும் நர்ஸ் தடுத்து நிறுத்தலாம். நர்ஸின் கையில் நேர்வதைத் தடுப்பதற்கோ படுக்கையில் கிடக்கும் நோயாளியைத் தவிர வேறொருவரும் இல்லை. பெங்களூர் ஆஸ்பத்திரி வார்டுகளிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட நான், இந்த நினைப்பு இல்லாமல் மருந்து டிராலியைத் தள்ளியதில்லை.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான மார்க்கம், சரியான நேரம் என்ற ஐந்தையும் பயிற்சியின் முதல் வருஷத்திலேயே மனப்பாடம் செய்கிறோம். இவற்றில் முதலாவதுதான் மிகச் சுலபமாகத் தோன்றுவது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் அடுத்தடுத்த படுக்கைகளில் பேசப்படும் இந்த ஊரில் அதுவே கஷ்டமானது. “நீங்கள்தானே லக்ஷ்மம்மா?” என்று கேட்டால், காது மந்தமான கிழவியோ, ஜுரத்தில் சோர்ந்து கிடப்பவளோ, யார் பெயரானாலும் “ஹௌது” என்று தலையை அசைத்துவிடுவாள். ஆகையால் “நிம்ம ஹெசரு ஏனு?” என்று கேட்டு, பெயரை அவள் வாயாலேயே சொல்லவைத்து, கைப்பட்டையில் உள்ள நம்பரோடு ஒத்துப்பார்த்த பிறகே மாத்திரையை எடுக்கவேண்டும். ஒரே வார்டில் இரண்டு லக்ஷ்மம்மாக்கள் இருப்பது இங்கே அபூர்வமன்று.

அளவு விஷயத்தில் இன்சுலினைப்போல் என்னைக் கலக்கமுறச் செய்வது வேறில்லை. நம் தேசத்தில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் வீரியமுள்ளது. பேனாவில் செருகும் கார்ட்ரிட்ஜில் உள்ளதோ 100 யூனிட். முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. பேனா கைக்கு அகப்படாத அவசரத்தில், கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்துவிட்டால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். நடுநிசியில் சர்க்கரை இறங்கிப் பிரக்ஞை தப்பியவளை, அசந்து தூங்குகிறாள் என்று எண்ணித் துணைக்கு இருப்பவர்கள் போர்வையை இழுத்துப் போர்த்துவார்கள். பத்து மில்லி பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் இப்படித்தான். கலக்காமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால், அதைச் சாதாரண ஆம்பூல்களோடு ஒரே தட்டில் வைக்கும் வார்டை நான் மன்னிக்கமாட்டேன்.

கையெழுத்து விளங்காத இடத்தில் டாக்டரைக் கேட்பதும் கடமையே. மருந்தின் பெயரைத் தெளிவாகவும், கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துக்களிலும் எழுதவேண்டுமென்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதி செய்தது. ஆயினும் இரவு இரண்டு மணிக்குப் போன் செய்தால் கோபிப்பாரோ என்று தயங்கி, ஊகித்துக்கொண்டுவிடும் இளம் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை; கேள்வி கேட்டதற்காக ஒருமுறை அதட்டப்பட்டவள் மறுமுறை கேட்கமாட்டாள்.

தண்டனையும் அப்படியே வாயை அடைக்கிறது. மருந்துப் பிழைகளால் விளையும் கடுமையான தீங்கை ஐந்து வருஷத்தில் பாதியாகக் குறைக்கவேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2017-இல் அறைகூவியது. அதே வருஷக் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், மனக்கலக்கத்தைத் தணிக்கும் வெர்செட் மருந்தைக் கொடுக்க வேண்டிய நர்ஸ், தசைகளை முடக்கிச் சுவாசத்தை நிறுத்தும் வெக்குரோனியத்தைக் கொடுத்துவிட்டாள்; நோயாளி இறந்துபோனார். தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்ட அவளை 2022-இல் நீதிமன்றம் கிரிமினல் குற்றவாளியென்று தீர்த்தது. அந்தக் குடும்பத்தின் துக்கத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அத்தீர்ப்பைப் படித்த எத்தனை நர்ஸுகள் தங்கள் பிழையை இனி வாய்திறந்து சொல்வார்கள்? பிழைப் பதிவேடு மாதக்கணக்கில் வெறுமையாய்க் கிடக்கும் வார்டில் பிழையே நேரவில்லை என்று என்னால் நம்பமுடியாது.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கையில், பெயரை எத்தனை தரம்தான் கேட்பாய் என்று நர்ஸிடம் சலித்துக்கொள்ளாதீர்கள். மருந்து எடுத்துக்கொண்டிருப்பவளை வேறு காரியத்துக்குக் கூப்பிடாதீர்கள். இது என்ன மருந்து, எதற்காக என்று தயங்காமல் கேளுங்கள். நேற்றைய மாத்திரையின் நிறம் இன்று மாறியிருந்தால் விழுங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.