கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி

நவம்பர் மாதம். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. தென் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்றின் வாசலில் நானும், இங்கே பராமரிப்பாளராக இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவும் நிற்கிறோம். அழைப்பு மணியை அடித்து மூன்று நிமிடமாகிறது. கையுறைக்குள் விரல் விறைக்கிறது. அக்காவின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிறது. அதை அவர் தொடவே இல்லை.

"என்னட்டைத் திறப்பு இருக்கு. ஆபத்தெண்டால் திறந்து போவன். மற்றும்படி பெல்லை அடிச்சுப்போட்டு நிக்கிறதுதான். இது அவையின்ர வீடெல்லோ."

உள்ளே வாக்கர் தரையில் உரசும் சத்தம் மெல்ல நெருங்குகிறது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி கதவைத் திறக்கிறார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட வீட்டுச் சாவி. நான் வரலாமா என்று இந்த வீட்டில் இருக்கும் மூவரிடமும் முன்பே கேட்டு, சம்மதம் வாங்கியிருந்தார் அக்கா. மூதாட்டி என் காலைப் பார்க்கிறார். ஷூவைக் கழற்றச் சொல்கிறார். கழற்றுகிறேன்.

மூவருக்கும் அறிவுசார் குறைபாடு உண்டு. மூவர் பெயரிலும் தனித்தனியே வாடகை ஒப்பந்தம் உண்டு. வீட்டுக்காரர் வேறு, பராமரிப்பாளர்களை அனுப்பும் நிறுவனம் வேறு. பராமரிப்பு சரியில்லை என்றால் நிறுவனத்தை மாற்றலாம். அதற்காக யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. 'சப்போர்ட்டட் லிவிங்' என்று இங்கே சொல்லும் ஏற்பாட்டின் அடிப்படை இதுதான். பராமரிப்புச் சேவையை அரசின் தர ஆணையம் கண்காணிக்கிறது. ஆனால் ஆய்வாளர் என்றைக்கோ ஒருநாள் வருபவர். மற்ற நாளெல்லாம் இந்த வீட்டின் தரம், அன்று பணிக்கு வந்தவரின் தரம்தான்.

சமையலறையில் மூதாட்டி கேரட் சீவுகிறார். இரண்டு கேரட்டுக்கு இருபது நிமிடம் ஆகிறது. தோல் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. அவர் கேரட்டைத் திருப்புகிறார், மறுபடி சீவுகிறார். அக்கா பக்கத்திலேயே நிற்கிறார். வாங்கிச் சீவினால் ஒரு நிமிட வேலை. அக்காவின் கை அடுப்பு மேடையை விட்டு நகரவில்லை.

சிறுமியாக இருந்தபோது இந்த மூதாட்டியை ஒரு பெரிய மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. நோய் எதுவும் இல்லாமலேயே பல வருடங்கள் வார்டில் கழிந்தன. அங்கே கதவுகளின் சாவி ஊழியர்களிடம் இருந்தது. அப்படிப்பட்ட பெரிய மருத்துவமனைகள் மூடப்பட்ட பிறகும் அந்தக் கதை முடிந்துவிடவில்லை. 2011 மே மாதம், பிரிஸ்டலுக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனைக்குள் ரகசியக் கேமராவில் எடுத்த காட்சிகளை பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அங்கிருந்தவர்களை ஊழியர்கள் அறைந்ததையும் தரையில் போட்டு அழுத்தியதையும் நாடே பார்த்தது. 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். மூடிய கதவுக்குப் பின்னே நடந்ததை வெளியே கொண்டுவர ஒரு கேமரா தேவைப்பட்டது.

ஏழு மணி. மாடியில் குளியல் தொட்டி நிரம்புகிறது. நாற்பதைத் தாண்டிய ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். பேச்சு அதிகம் இல்லை, ராகம் உண்டு. ஒரே மெட்டை முணுமுணுத்தபடியே இருக்கிறார். அவருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அக்கா தண்ணீரில் வெப்பமானியை மிதக்கவிடுகிறார். 38 காட்டுகிறது. தொட்டிக்கு வரும் நீர் 44 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று பராமரிப்புத் துறையில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். சுடுகிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் வெந்துபோயிருக்கிறார்கள். குளிக்கப் போகிறவர் தன் முழங்கையை விட்டுப் பார்க்கிறார். தலையசைக்கிறார்.

அக்கா வெளியே வந்து, கதவை ஒரு சாண் இடைவெளி விட்டுச் சாத்துகிறார். நடையில் கிடந்த மர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். கையில் புத்தகம் இல்லை. கைபேசி கீழே இழுப்பறையில். பதிவேடு எழுதும் வேலை இருக்கிறது, அது பிறகு. சட்டைப் பையில் மிடசோலம் நிரப்பிய சிறு சிரிஞ்சு. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கன்னத்தின் உட்புறம் விட வேண்டும்.

"ஷவரில குளிச்சாப் பாதுகாப்புத்தான். ஆனா அவருக்குத் தொட்டியில படுத்திருக்கத்தான் விருப்பம். அதை நிப்பாட்டுறது லேசு. நாங்கள் கதிரையைப் போட்டம்."

2013 ஜூலை 4ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் அந்த நாற்காலி இல்லை. கானர் ஸ்பாரோஹாக்குக்கு 18 வயது. பேருந்துகள் என்றால் உயிர். வலிப்பு நோய் இருந்தது. ஸ்லேட் ஹவுஸ் என்ற அரசு சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தார்கள். வலிப்பின் அறிகுறி தெரிகிறது என்று அவனுடைய அம்மா சாரா ரயன் ஊழியர்களிடம் சொல்லியும் இருந்தார். அவன் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தான். கவனிப்பின்மையும் அந்தச் சாவுக்குக் காரணம் என்று 2015இல் விசாரணை ஜூரி சொன்னது. இன்னொருவரின் மரணத்தையும் சேர்த்து, அந்தப் பிரிவை நடத்திய நிர்வாகத்துக்கு 2018இல் நீதிமன்றம் விதித்த அபராதம் 20 லட்சம் பவுண்டு. ஒரு நாற்காலியும், அதில் உட்கார்ந்து காதுகொடுக்க ஓர் ஆளும் போதுமாக இருந்திருக்கும்.

முணுமுணுப்பு திடீரென்று நிற்கிறது.

அக்கா எழுந்துவிட்டார். எப்போது எழுந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. வலது கை கதவின் மேல். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. கதவு இன்னும் ஒரு சாண் திறக்கிறது. மறுபடி கூப்பிடுகிறார். தண்ணீரைக் கையால் அடிக்கும் சத்தம். பிறகு ஒரு சிரிப்பு. விட்ட இடத்திலிருந்து மெட்டு தொடர்கிறது.

அக்கா கதவைப் பழையபடி ஒரு சாண் அளவுக்கு இழுத்துவிட்டு உட்கார்கிறார். அந்த மெட்டை இப்போது அவரும் முணுமுணுக்கிறார். உள்ளேயிருந்து ஓர் அடி, வெளியேயிருந்து ஓர் அடி. இருபது நிமிடம் இப்படியே போகிறது.

ஒன்பது மணிக்கு அழைப்பு மணி. இரவுப் பணிக்காரர் வந்துவிட்டார். வெளியே மழை. மூதாட்டி சோபாவிலிருந்து எழுந்து வாக்கரைப் பிடிக்கிறார். வாசலுக்குப் பன்னிரண்டு அடி தூரம். அக்கா எழவில்லை. நானும் எழவில்லை. மழையில் நிற்பவர் இரண்டாம் முறை மணி அடிக்கவில்லை.

அவர் உள்ளே வர, நான் வெளியே போகிறேன். கதவு சாத்தப்படுகிறது. மழைச் சத்தத்துக்கு நடுவே, மூதாட்டி உட்பக்கத் தாழைத் திருகுவது கேட்கிறது. சரியாகப் பூட்டியதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, வாக்கரை உரசிக்கொண்டு தன் வீட்டுக்குள் திரும்பிப் போகிறார்.