கூட்டாமலும் குறைக்காமலும்

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம். பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம். அஸர் தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தேன். பக்கத்து ஊரிலிருந்து என் தங்கை நடந்தே வந்து சேர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"காக்கா, புள்ளைக்கு ஒரு கடிதம் எடுத்துத் தரணும்."

புள்ளை என்றது அவளுடைய மூத்த மகளை. பட்டதாரி. ஒன்றரை வயதில் ஒரு குழந்தை. மாப்பிள்ளை ஓட்டோ ஓட்டுபவர். எண்ணெய் இல்லாமல் அந்த ஓட்டோ மூன்று வாரமாக வாசலில் நின்றது. பாமாசிக்கு அடுக்கிக் கொடுத்த இடியப்பக் காசில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பது எனக்கும் தெரியும்.

ஐக்கிய நாடுகள் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அமைப்பு மட்டக்களப்பு அலுவலகத்துக்கு மனிதவள உதவியாளர் ஒருவரைத் தேடுவதாக விளம்பரம் வந்திருந்தது. ஆறு மாதத்துக்கு மட்டுமான தற்காலிக வேலை. நாட்டின் நெருக்கடியைக் கண்டு 2022 ஜூன் மாதத்தில் ஐ.நா. அமைப்புகள் 17 இலட்சம் பேருக்கு நான்கு மாதங்கள் உதவுவதற்காக 4 கோடி 72 இலட்சம் டொலர் வேண்டுமென்று உலகத்திடம் கேட்டிருந்தன. உதவி பெருகும்போது வேலைக்கு ஆட்கள் வேண்டும். ஆட்கள் வந்தால் அவர்களைத் தெரிவு செய்ய, கோப்புத் திறக்க, லீவுக் கணக்கும் சம்பளக் கணக்கும் பார்க்க இன்னும் சிலர் வேண்டும். மனிதவளம் என்ற பெரிய பெயருக்குள் இருப்பது இந்த வேலைதான்.

பட்டதாரியாக இருந்தால் ஒரு வருட அனுபவம் போதும் என்று விளம்பரம் சொன்னது. மருமகள் எங்கள் அரபுக் கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்தவள். 2019 ஜூன் தொடக்கம் 2020 மார்ச் வரை. கொரோனா வந்து எல்லாம் அடைபட்டதோடு அது நின்றுபோனது. விரல் விட்டு எண்ணினால் பத்து மாதம்.

"ஒரு வருஷம் எண்டு அதிபர் ஹஸ்ரத்துக்கிட்டச் சொல்லி ஒரு சேவைச் சான்றிதழ் எடுத்துத் தாங்க காக்கா. ரெண்டு மாசம்தானே. ஆருக்குத் தெரியப் போகுது?"

நான் உடனே மறுத்திருக்க வேண்டும். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுப்பவன் நான். ஆனால் தங்கையின் வெடித்த குதிகாலைப் பார்த்தேன். வாசலில் நிற்கும் ஓட்டோவை நினைத்தேன். "சரி, பார்ப்பம்" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு மின்வெட்டில் குப்பி விளக்கு வெளிச்சத்தில், '2019 ஜூன் முதல் 2020 மே வரை' என்று கடிதத்தை என் கையாலேயே எழுதினேன்.

மறுநாள் காலை அதிபர் ஹஸ்ரத்தின் அறைக்குப் போனேன். வயதானவர். கண்ணாடி மேசையில் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை, பேனையைத்தான் எடுத்தார்.

"நீங்க எழுதிக்கொண்டு வந்தா வாசிக்கத் தேவை இல்லையே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் கை நின்றுவிட்டது. நான் பொய் சொல்வது ஒரு பக்கம். என்னை நம்பி, வாசிக்காமல் ஒப்பமிடும் ஒரு மனிதரைப் பொய்ச் சாட்சி ஆக்குவது அதைவிடப் பெரிது. "ஒரு பிழை இருக்கு ஹஸ்ரத், திருத்திக்கொண்டு வாரேன்" என்று தாளை இழுத்து எடுத்துக்கொண்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. அறைக்கு வெளியே வந்து அந்தத் தாளை நான்காகக் கிழித்தேன்.

மாலையில் தங்கை வீட்டுக்குப் போனேன். சங்கதியைச் சொன்னதும் தங்கையின் முகம் விழுந்துவிட்டது. மருமகள் மட்டும், "அது நல்லம் மாமா. எனக்கும் மனசு சரியில்லாமத்தான் இருந்தது" என்றாள்.

"மகள், கொம்பியூட்டரை விடு. ஒரு கொப்பியை எடு. நீ பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து என்னென்ன செய்தாய் எண்டு ஒண்டு விடாமச் சொல்லு" என்றேன்.

மத்ரஸாவில் செய்ததைக் கேட்டேன். "சும்மா ஒஃபிஸ் வேலைதான் மாமா" என்றாள். துருவித் துருவிக் கேட்டபோதுதான் அந்தச் 'சும்மா'வுக்குள் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தது. 14 ஆசிரியர்களுக்கும் 3 சமையல் ஊழியர்களுக்கும் தனித்தனிக் கோப்புத் திறந்தது அவள். வரவு இடாப்பை மாத முடிவில் கூட்டி லீவுக் கணக்கு எடுத்தது அவள். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் நிர்வாகத்தின் பங்காக 12 சதவீதமும், நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் கணக்கிட்டு மாதந்தோறும் அனுப்பியதும் அவள். அவளுக்கு முன்பு அந்தப் படிவங்கள் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் கிடந்தன.

"வேறென்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

தயங்கித் தயங்கி, "அரிசி ஆலையில எழுதினது வேலை ஆகுமா மாமா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவளே சொன்னாள். 2017இல் பல்கலைக்கழகப் பெறுபேறு வரும்வரை, ஐந்து மாதங்கள் மருமகள் ஊரிலுள்ள ஓர் அரிசி ஆலைக்குக் கூலிக் கணக்கு எழுதியிருக்கிறாள். ஆலைக்காரரின் வீட்டு முன்னறையில், அவருடைய மனைவி பக்கத்தில் இருக்க. 23 கூலியாட்களின் நாட் கணக்கு, முற்பணம், மிகுதிச் சம்பளம். அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. 'ஆலைக்கு வேலைக்குப் போற புள்ள' என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போவதாக என் தங்கை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

பத்தும் ஐந்தும் பதினைந்து மாதம். கேட்டதோ பன்னிரண்டு.

வாசக சகோதரிகளே, அன்று அந்த வீட்டில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நேர்மையாகச் செய்த ஐந்து மாத வேலையை மறைத்து வைத்துவிட்டு, செய்யாத இரண்டு மாதத்தைக் கள்ளமாகச் சேர்க்க நாங்கள் எல்லோரும் அலைந்திருக்கிறோம். அதில் ஒரு மௌலவியும் சேர்த்தி.

பிறகு படிவத்தை நிரப்பத் தொடங்கினோம். இப்படியான அமைப்புகளின் படிவங்கள் நீளமானவை. எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எத்தனை பேரின் கோப்பு, என்ன பொறுப்பு, என்ன பலன் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். 'நன்றாக வேலை செய்தேன்' என்ற சொல்லுக்கு அங்கே பெறுமதி இல்லை. '17 பேரின் லீவுக் கணக்கைப் பத்து மாதம் பராமரித்தேன்' என்பதற்குப் பெறுமதி உண்டு. உங்களை அறிந்தவர்கள் என்று மூவரின் பெயரைக் கேட்டார்கள். அவர்கள் உறவினராக இருக்கக் கூடாது. ஆகவே மாமாவான என் பெயருக்கு அங்கே இடமில்லை. அதிபர் ஹஸ்ரத், ஆலைக்காரரின் மனைவி, பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் என மூவரையும் முதலில் அனுமதி கேட்டுவிட்டே எழுதினாள்.

இதற்கிடையில் கல்முனைப் பக்கத்து ஆள் ஒருவர், "உள்ளுக்கு ஆள் இருக்கு, 75,000 ரூபா தந்தா வேலை உறுதி" என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். இருக்கிற இரண்டு காப்பை விற்கலாமா என்றுகூட அவர்கள் யோசித்தார்கள். ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பம், நேர்முகப் பரீட்சை, பயிற்சி என்று எந்தக் கட்டத்திலும் ஒரு சதமும் கேட்பதில்லை. யாராவது கேட்டால், அவர் அந்த அமைப்பின் ஆள் இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. காப்பு கையிலேயே இருந்தது.

முடிவுத் திகதி ஜூலை 20, நள்ளிரவு 11.59 என்று இருந்தது. ஆனால் அது நியூயோர்க் நேரம். நமக்கு அது 21ஆம் திகதி காலை 9.29. "இன்னும் நேரம் இருக்கே" என்று நான் சொன்னேன். "காலையில கரண்ட் இருக்குமா, சிக்னல் இருக்குமா, ஆருக்குத் தெரியும் மாமா?" என்று அவள் 18ஆம் திகதி இரவே அனுப்பிவிட்டாள்.

ஆறு மாத வேலைக்கு இவ்வளவு பாடா என்று தங்கை முணுமுணுத்தாள். நியாயமான கேள்விதான். ஐ.நா. விதிகளின்படி தற்காலிக நியமனம் ஒரு வருடத்துக்கு உட்பட்டது. அது நீடிக்கும் என்று எதிர்பார்க்க எந்த உரிமையும் இல்லை. மாதத்துக்கு ஒன்றரை நாள் லீவு. நிரந்தர வேலையை உதறிவிட்டு இதற்குப் போவதென்றால் நானும் தடுத்திருப்பேன். கையில் வேலையில்லாதவளுக்கு ஆறு மாதச் சம்பளமும் ஒரு நல்ல சான்றிதழும் சிறிய விஷயம் அல்ல. முடிவுத் திகதியை முதலிலேயே தெரிந்துகொண்டு போவதுதான் முக்கியம்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் கொம்பியூட்டர் வழியாக நேர்முகப் பரீட்சை வைத்தார்கள். 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று அவர்கள் கேட்கவில்லையாம். 'அப்படி ஒரு சந்தர்ப்பத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்' என்றே கேட்டார்களாம். பிறருடைய இரகசியத்தைக் காக்க வேண்டி வந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றபோது, அவள் சொன்ன கதையைக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மத்ரஸாவில் ஓர் ஆசிரியர் சம்பளத்தில் கடன் எடுத்திருந்தார். எவ்வளவு என்று அறியும் ஆவலில் மூத்த ஆசிரியர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து கோப்பைக் கேட்டிருக்கிறார். "அதை அதிபர் ஹஸ்ரத்துக்கிட்டக் கேளுங்க" என்று இவள் கொடுக்க மறுத்துவிட்டாள். அந்த மூத்த ஆசிரியர் நான்தான்.

"உங்கட பேர் சொல்லல்ல மாமா" என்று சிரித்தாள்.

அமானிதம் பற்றி எத்தனை ஜும்ஆ மேடைகளில் பேசியிருப்பேன்! அதை அவள் ஒரு கோப்பு அலுமாரியின் முன்னால் நின்று செய்து காட்டியிருக்கிறாள்.

யூசுப் நபி எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தம்மைப் பற்றி இரண்டே விஷயங்களைத்தான் சொன்னார்கள்: காப்பவன், அறிந்தவன். மூஸா நபியைக் கூலிக்கு அமர்த்தும்படி மத்யன் நகரத்துப் பெரியவருக்கு ஆலோசனை சொன்னது அவருடைய மகள். அந்தப் பெண் பார்த்த தகுதிகளும் இரண்டு: வலிமையும் நம்பகமும். 1945ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனமும் ஊழியர் தெரிவில் திறமையையும் நேர்மையையும் முதலிடத்தில் வைக்கிறது. திறமையை மட்டும் காட்டி, நேர்மையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகப் பார்த்தோம் நாங்கள்.

செப்டெம்பரில் ஒரு நாள், அதிபர் ஹஸ்ரத்துக்குக் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. நானும் அந்த அறையில் இருந்தேன். இன்னார் உங்களிடம் எந்தத் திகதியில் சேர்ந்தார், எந்தத் திகதியில் விலகினார் என்று கேட்டார்கள். ஹஸ்ரத் வரவு இடாப்பை எடுக்கச் சொன்னார். எடுத்து விரித்துக் கொடுத்தது என் கைதான். அவர் கண்ணாடியைப் போட்டு, எழுத்துக் கூட்டுவது போல் நிதானமாக வாசித்துச் சொன்னார்: 2019 ஜூன் 1, 2020 மார்ச் 31. படிவத்தில் இருந்ததும் அதுதான். கிழித்தெறிந்த அந்தத் தாள் அப்போது என் கண்முன் வந்து நின்றது. அழைப்பு முடிந்ததும் நடந்த அனைத்தையும் ஹஸ்ரத்திடம் ஒப்புக்கொண்டேன்.

வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் இரண்டாவது இடம். அந்தக் கிழமை முழுவதும் வீடு மௌனமாக இருந்தது. "உண்மை சொல்லி என்னத்தைக் கண்டோம்?" என்று தங்கை ஒரு தடவை கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. பெயரை ஒதுக்குப் பட்டியலில் வைத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். அது ஒரு மரியாதைப் பேச்சு என்றே நினைத்தோம். நவம்பர் மாதம், முதலில் சேர்ந்தவர் வேறிடம் போய்விட, இவளை அழைத்தார்கள். 2022 டிசம்பர் முதல் 2023 மே வரை ஆறு மாதம். குழந்தையைத் தங்கை பார்த்துக்கொண்டாள். காலை பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய் மாலையில் திரும்பினாள். மே மாதக் கடைசியில் வேலை முடிந்தது, சொன்னபடி முடிந்தது. அந்தச் சான்றிதழோடு போய், இப்போது ஒரு தனியார் வைத்தியசாலையின் ஊழியர் பிரிவில் வேலை செய்கிறாள். அல்ஹம்துலில்லாஹ்.

இது கிடைத்திருக்காவிட்டாலும் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருப்பேன். நம் வீடுகளில் எத்தனையோ பெண்கள் கணக்கு எழுதியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறார்கள், கடை பார்த்திருக்கிறார்கள். கேட்டால் 'சும்மா' என்பார்கள். நாமும் அந்தச் 'சும்மா'வை விரும்பியே சொல்ல வைத்திருக்கிறோம். சகோதரிகளே, ஒரு கொப்பியை எடுங்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எங்கே, என்ன, எவ்வளவு என்று எழுதி வையுங்கள். கூட்டி எழுத வேண்டாம். குறைத்தும் எழுத வேண்டாம். நிறுத்துக் கொடுப்பவருக்கு இரண்டும் பிழைதான்.

இப்போதெல்லாம் நான் எந்தக் கடிதத்தைக் கொண்டு போனாலும் ஹஸ்ரத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கிறார். அப்படிச் செய்யுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டவன் நான்தான்.