முற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள்

தையல் மிஷினோடு காலம் கழித்தவன் நான். கண்புரை எனக்கு முதலில் தெரிந்தது நூல்கண்டில்தான். கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றாகவே தெரிந்தன. வெளுத்த வேட்டிகூடப் பழுப்பேறினாற்போல இருந்தது. ராத்திரி எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறியது. வலியோ உறுத்தலோ கிடையாது. அதனால்தான் பல பெரியவர்கள் "வயசானா அப்படித்தான்" என்று வருஷக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளே, வீட்டில் தாத்தாவோ ஆச்சியோ திடீரென்று, "கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன் பார்" என்று பெருமைப்பட்டால், அதுவும் புரையின் அறிகுறியாக இருக்கலாம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கெட்டிப்படும்போது கிட்டத்து எழுத்து கொஞ்ச நாள் தெளியும். தூரத்தில் வரும் பஸ்ஸின் எண் தெரியாது.

"முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது சோடாபுட்டிக் கண்ணாடிக் காலத்துப் பேச்சு. இப்போது சிறு துளை வழியே புரையை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்து, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அளவுக்கு மீறி முற்றினால்தான் ஆபத்து. கண் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டால், போன பார்வை திரும்பாது.

காசுக்காகவும் தள்ளிப்போட வேண்டாம். முடக்குவாதத்தில் விரல் கோணிப்போன டாக்டர் வெங்கடசாமி, அந்த விரல்களாலேயே ஆயிரமாயிரம் பேருக்கு ஆபரேஷன் செய்தவர். 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. 1992-ல் அதன் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், செயற்கை லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கியதும் விலை வெகுவாக இறங்கியது. முகாம்களில் வரும் ஏழைகளுக்கு ஆபரேஷன் இலவசம்.

இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஊற்றாதீர்கள். சில சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு உடனே அடங்கும். மாசக்கணக்கில் ஊற்றினால் இளவயதிலேயே புரை வரலாம். புகையும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் புரையைச் சீக்கிரம் கொண்டுவரும். வந்த புரையைக் கரைக்க எந்தச் சொட்டு மருந்தும் இல்லை. தேன், தாய்ப்பால், வெங்காயச் சாறு என்று ஊற்றினால் கண்ணில் புண்தான் வரும்.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் எழுதிய மருந்தைச் சில வாரம் விடாமல் போட வேண்டும். பெரியவர்களுக்குக் கை நடுங்கும். நீங்கள்தான் போட்டுவிட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை மெல்ல இழுத்து ஒரு சொட்டு விடுங்கள். குப்பி நுனி கண்ணில் படக்கூடாது. டாக்டர் சொல்லும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை ஒரு தடவை கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.